ஓசி சைட்ல போட்டோ போடலாமா? வாசகர் கேள்வி, நம்ம பதில்

போட்டோகிராஃபி பத்தி வர்ற கேள்வில முக்கால்வாசி எந்த லென்ஸ் வாங்கலாம், எந்த பாடி வாங்கலாம்னுதான் இருக்கும். இந்த தடவை என்னமோ பேசி வச்ச மாதிரி எல்லாரும் ஒரே விஷயத்தயே சுத்தி சுத்தி கேட்டிருக்கீங்க, எடுத்த படத்த இலவச சைட்ல போடறதா வேணாமாங்கறது. அதனால லென்ஸ் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் சொன்னதால யார் பேரும் போடல.

கேள்வி: சார், நான் போட்டோகிராஃபிய ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டு பண்றேன். எனக்கு தெரிஞ்ச ஒரு சீனியர், "ஃப்ரீ சைட்ல படம் போடறவன்லாம் அமெச்சூர், தன் வேலைக்கு மரியாதை குடுக்கறவன் அங்க போடவே மாட்டான்"னு சொல்றார். அப்படியா?

பதில்: அவர் பயப்படறதுல நியாயம் இருக்கு, ஆனா அந்த முடிவு சரியில்ல. ஃப்ரீ சைட்ல போட்டா அமெச்சூர்னு பிரிக்க ஆரம்பிச்சா அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸையும் அந்த லிஸ்ட்ல சேக்கணும். 2008 ஜனவரில அவங்க தங்களோட பழைய கலெக்ஷன்ல இருந்து 3000-க்கு மேல படத்த ஃப்ளிக்கர்ங்கற போட்டோ ஷேரிங் சைட்ல போட்டாங்க, ஜனங்க வந்து இது இந்த இடம், இவர் இன்னார்னு கமெண்ட்ல சொல்ல சொல்ல லைப்ரரியோட ஒரிஜினல் கேட்டலாக்லயே திருத்தம் பண்ணாங்க. அந்த மாதிரி ஒரு வேலைய எந்த கேலரி சுவரும் செஞ்சு குடுக்காது.

இன்னொண்ணு விவியன் மையர் கதை. சிகாகோல பிள்ளைங்கள பாத்துக்கற வேலை செஞ்சுக்கிட்டு ஒரு லட்சத்துக்கு மேல படம் எடுத்து யார்கிட்டயும் பெருசா காட்டாம வச்சிருந்தவங்க. வாடகை கட்டாம போன குடோன்ல இருந்த அவங்க பெட்டியெல்லாம் 2007-ல ஏலத்துக்கு வந்துச்சு, 2009 ஏப்ரல்ல அவங்க இறந்துட்டாங்க, அதே வருஷம் அக்டோபர்ல அந்த நெகட்டிவ்ல ஒரு பங்க வாங்கின ஜான் மலூஃப்ங்கறவர் ஃப்ளிக்கர்ல ஒரு க்ரூப்ல போய் இத வச்சு நான் என்ன பண்றதுன்னு கேட்டார், அங்கருந்துதான் உலகத்துக்கே தெரிய வந்தாங்க. ஆனா இதுல ஒரு உறுத்தலும் இருக்கு, போட்டது அவங்க இல்ல, போடணும்னு நினைச்சிருப்பாங்களான்னும் யாருக்கும் தெரியாது, அப்புறம் காப்பிரைட் யாருக்குன்னு கோர்ட் வரைக்கும் போச்சு. தன் படம் எங்க போகணும், யார் கைக்கு போகணும்னு உயிரோட இருக்கறப்பவே முடிவு பண்றவங்கதான் என்ன பொறுத்தவரைக்கும் சீரியஸ் ஆளு, எந்த சைட்ல கணக்கு வச்சிருக்கார்ங்கறது அப்புறம்.

படத்த நாலு பேருக்கு காட்டறது, பத்திரமா வச்சுக்கறது, காசாக்கறது மூணும் தனித்தனி வேலை. ஃப்ரீ சைட் முதல் வேலைய நல்லா செய்யும். மத்த ரெண்டையும் அது தலையில கட்டும்போதுதான் வம்பு. கீழ வர்ற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட அந்த வம்புதான்.

கேள்வி: நான் எடுத்தது எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்திட்டேன், அதுவே எனக்கு பேக்கப். கம்ப்யூட்டர்ல இடம் இல்லன்னு பழசெல்லாம் அழிச்சிட்டு வர்றேன். தப்பா?

பதில்: நிறுத்துங்க. இத படிச்சு முடிக்கறதுக்குள்ள அழிக்கறத நிறுத்திடுங்க, மீதிய அப்புறம் பேசலாம்.

ஃப்ளிக்கரையே எடுத்துக்கோங்க. 2004-ல ஆரம்பிச்சாங்க, 2005-ல யாஹூ வாங்குச்சு, 2013-ல எல்லாருக்கும் 1 டெராபைட் ஃப்ரீன்னு அறிவிச்சாங்க, ஜனங்க மொத்த ஹார்ட் டிஸ்கையும் கொண்டுபோய் கொட்டினாங்க. 2018 ஏப்ரல்ல ஸ்மக்மக்ங்கற இன்னொரு போட்டோ கம்பெனி கைக்கு மாறுச்சு, அந்த நவம்பர்லயே ஃப்ரீ கணக்குக்கு இனிமே 1000 படம்தான், மேல இருக்கறது பணம் கட்டலன்னா அழிப்போம்னு சொல்லிட்டாங்க. சொன்ன மாதிரியே 2019-ல அழிக்க ஆரம்பிச்சாங்க. அவங்கள திட்டி பிரயோஜனம் இல்ல, முன்கூட்டியே சொன்னாங்க, இறக்கிக்க டைமும் குடுத்தாங்க, அந்த மெயில் பழைய ஐடிக்கு போய் யாரும் தொறக்காம கிடந்ததுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க.

ஃபோட்டோபக்கெட் இதவிட மோசம். 2017-ல ஒரு நாள் திடீர்னு, எங்க சைட்ல வச்ச படத்த வேற பக்கத்துல காட்டணும்னா வருஷத்துக்கு 399.99 டாலர்னு சொல்லிடுச்சு, அத்தன வருஷமா ஜனங்க எழுதி வச்ச ரிப்பேர் குறிப்பு, கைவேலை பாடம்னு எல்லாத்துலயும் படம் இருந்த இடத்துல கணக்க அப்டேட் பண்ணுன்னு சொல்ற மீட்டர் படம் ஒண்ணு உக்காந்துக்கிச்சு. கூகுள் ஃபோட்டோஸ் 2015-ல அன்லிமிடெட்னு வந்துச்சு, 2021 ஜூன் 1-ஓட அது முடிஞ்சு 15 ஜிபி கணக்குக்குள்ள வந்தாச்சு, அந்த அன்லிமிடெட்லயும் படத்த 16 மெகாபிக்சலுக்கு சுருக்கி மறுபடி அமுக்கித்தான் வச்சாங்க, அதாவது நீங்க ஏத்தினது வேற, திரும்பி வர்றது வேற. பிகாசா வெப் ஆல்பம் போச்சு, பனோராமியோ போச்சு, போட்டோகிராஃபருங்க தலைல தூக்கி வச்சு ஆடின கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரல்ல போச்சு.

"அப்போ காசு குடுத்தா சேஃப்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். அதுவும் இல்லீங்க. டிஜிட்டல் ரெயில்ரோடுன்னு ஒரு கம்பெனி, முழுக்க புரொஃபஷனல்களுக்காகவே, மாசா மாசம் காசு வாங்கிட்டு ஆர்க்கைவ் வச்சு குடுத்தவங்க, 2008 அக்டோபர்ல 24 மணி நேரம் டைம் குடுத்து கடைய மூடிட்டாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல இறக்க போய் சர்வர் திணறுச்சு. காசு கட்டறதால கேள்வி கேக்க ஒரு உரிமை கிடைக்கும், கம்பெனி திவாலாகாதுன்னு உத்தரவாதம் கிடைக்காது.

பேக்கப்புக்கு போட்டோகிராஃபர் பீட்டர் க்ரோ பிரபலமாக்கின 3-2-1 கணக்கு ஒண்ணு இருக்கு, மூணு காப்பி, ரெண்டு வேற வேற வகை மீடியாவுல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய. ரா ஃபைலும் (கேமரா பதிஞ்சபடியே இருக்கற ஒரிஜினல்) ஃபைனல் எடிட்டும் இந்த கணக்குல வரணும். ஷேரிங் சைட்ல இருக்கற ஜேபெக் இதுல ஒரு காப்பியா கூட சேராது, ஏன்னா அது உங்க ஒரிஜினல் இல்ல.

கேள்வி: அப்லோட் பண்ண உடனே காப்பிரைட் அவங்களுக்கு போயிடுமாமே? வாட்ஸப்ல ஒரு அறிவிப்பு வந்துச்சு, அத நம்ம பக்கத்துல ஒட்டி வச்சா அவங்களால நம்ம படத்த தொட முடியாதாம்.

பதில்: அந்த அறிவிப்பு 2012 வாக்குலயே சுத்த ஆரம்பிச்சது, வருஷா வருஷம் தேதி மாத்திட்டு வருது. நீங்க கணக்கு தொறக்கறப்ப ஒத்துக்கிட்டத ஒரு போஸ்ட் போட்டு ரத்து பண்ண முடியாது, அத விடுங்க.

காப்பிரைட் போகாது. படம் எடுத்த உடனே அது எடுத்தவருக்கு சொந்தம், பதிவு பண்ணாதான் உரிமைன்னு கூட இல்ல, பெர்ன் ஒப்பந்தம்ங்கற சர்வதேச காப்பிரைட் உடன்படிக்கைல இருக்கற நாடு எல்லாத்துலயும் இதான் அடிப்படை (கேமரா உங்களது, ஆனா வேலை கம்பெனிக்காகன்னா கதை மாறும், அது தனி). சைட்டுக்கு நீங்க குடுக்கறது ஒரு லைசென்ஸ். பட்டா உங்க பேர்லதான் இருக்கும், ஆனா சாவி ஒண்ணு அவங்ககிட்ட குடுத்திருக்கீங்க, அந்த சாவிய அவங்க வேற யாருக்காவது குடுக்கலாமாங்கறதுதான் டெர்ம்ஸ்ல தேட வேண்டியது. சப்-லைசென்ஸ் பண்ணலாம் (அந்த சாவிய இன்னொருத்தருக்கும் குடுக்கலாம்), லைசென்ஸையே வேற ஆளுக்கு மாத்தி குடுக்கலாம், ராயல்டி கிடையாதுன்னு மூணு விஷயம் பெரும்பாலும் ஒரே பத்தில வரும். கணக்க மூடினா அந்த லைசென்ஸ் முடியுமான்னும் பாருங்க.

இது வெறும் பேப்பர் விஷயம் இல்லன்னு காட்ட ரெண்டு கேஸ் சொல்றேன். 2010 ஜனவரி ஹைட்டி பூகம்பத்த டேனியல் மொரேல்ங்கற போட்டோகிராஃபர் எடுத்து, ட்விட்டருக்கு படம் ஏத்தற ட்விட்பிக்ல போட்டு ட்விட்டர்ல விட்டார். இன்னொருத்தன் அத தன் படம்னு போட, அங்கருந்து ஏஎஃப்பிங்கற செய்தி நிறுவனம் எடுத்து, படம் விக்கற கெட்டி கம்பெனி வழியா ஊர் உலகமெல்லாம் போச்சு. ட்விட்டர் டெர்ம்ஸ் படி எங்களுக்கு உரிமை இருக்குன்னு ஏஎஃப்பி தரப்புல வாதாடினாங்க, எடுபடல, 2013 நவம்பர்ல ஜூரி 12 லட்சம் டாலர் குடுக்க சொல்லுச்சு.

ரெண்டாவது ஸ்டெஃபனி சின்க்ளேர்ங்கற போட்டோகிராஃபரோட கேஸ், இது கொஞ்சம் வயித்த கலக்கும். மேஷபிள்ங்கற செய்தி சைட் அவங்க படத்துக்கு 50 டாலர் தர்றோம்னு கேட்டுச்சு, முடியாதுன்னுட்டாங்க. உடனே மேஷபிள் அவங்க இன்ஸ்டாகிராம் போஸ்டையே எம்பெட் பண்ணி (இன்ஸ்டாகிராம்ல இருந்தே நேரா தெரியற மாதிரி) கட்டுரைல போட்டுடுச்சு. 2020 ஏப்ரல்ல நியூயார்க் ஜட்ஜ், பப்ளிக்கா போட்டதால இன்ஸ்டாகிராமுக்கு சப்-லைசென்ஸ் உரிமை இருக்கு, அது வழியா மேஷபிளுக்கும் இருக்குன்னு தள்ளுபடி பண்ணிட்டார். ஜூன்ல அதே ஜட்ஜ், இல்ல, அது அவ்வளவு தெளிவா இல்லன்னு கேஸ மறுபடி தொறந்தார், கடைசில சமரசத்துல முடிஞ்சுது. 2021 டிசம்பர்லதான் எம்பெட்ட ஆஃப் பண்ற வசதியே இன்ஸ்டாகிராம்ல வந்துச்சு. நீங்க இன்ஸ்டாகிராம் வச்சிருந்தா இந்த பக்கத்த ஓரமா வச்சுட்டு செட்டிங்ஸ்ல போய் அத ஆஃப் பண்ணிட்டு வாங்க.

கேள்வி: க்ரியேட்டிவ் காமன்ஸ் போட்டா படம் நல்லா பரவும்னு சொல்றாங்க. போடலாமா அண்ணே?

பதில்: என்ன கேக்காமலே என் படத்த யார் வேணா இந்த நிபந்தனைல பயன்படுத்திக்கலாம்னு முன்கூட்டியே குடுக்கற லைசென்ஸ்தான் க்ரியேட்டிவ் காமன்ஸ். பரவும் தம்பி, பரவறத நிறுத்த முடியாதுங்கறதுதான் விஷயம். ஒரு தடவை ஒருத்தர் அந்த லைசென்ஸ்ல எடுத்துட்டா நாளைக்கு நீங்க மனசு மாறி ஆல் ரைட்ஸ் ரிசர்வ்ட்னு மாத்தினாலும் அவருக்கு குடுத்தது குடுத்ததுதான்.

அதுல பல வகை இருக்கு, ஜனங்க எல்லாத்தையும் ஒண்ணா நினைச்சுக்கறாங்க. பேர் போட்டா போதும், காசுக்கும் பயன்படுத்தலாம்ங்கற வகைய டிக் பண்ணிட்டு பின்னாடி கத்தறவங்கதான் அதிகம். 2007-ல ஆஸ்திரேலியாவுல வர்ஜின் மொபைல் ஃப்ளிக்கர்ல இருந்த ஒரு டீனேஜ் பொண்ணோட படத்த அந்த லைசென்ஸ்ல எடுத்து கிண்டலா ஒரு வரி சேத்து விளம்பரம் பண்ணிடுச்சு. போட்டோகிராஃபர் சம்மதம் லைசென்ஸ்ல இருந்துச்சு, படத்துல இருக்கற பொண்ணோட சம்மதம் எங்க இருந்துச்சு? க்ரியேட்டிவ் காமன்ஸ் காப்பிரைட்ட மட்டும்தான் தொடும், படத்துல இருக்கறவங்க உரிமைய அது தொடாது. முகம் தெளிவா தெரியற படத்துக்கு, அதுவும் சின்ன பசங்க படத்துக்கு, கமர்ஷியல் லைசென்ஸ் வேணவே வேணாம்.

2014-ல யாஹூவே ஃப்ளிக்கர் படங்கள சுவர்ல மாட்டற பிரிண்டா விக்க ஆரம்பிச்சப்ப கமர்ஷியலா பயன்படுத்தலாம்னு விட்ட க்ரியேட்டிவ் காமன்ஸ் படத்தையும் சேத்துக்கிச்சு, எடுத்தவங்களுக்கு பைசா கிடையாது. சட்டப்படி அதுல ஒரு தப்பும் இல்ல, அவங்க டிக் பண்ணது அதுதானே. ஆனா வந்த சத்தத்துல டிசம்பர்லயே அந்த படங்கள எடுத்துட்டாங்க.

ஊருக்கு உபயோகமா போகட்டும்னு மனசார நினைச்சு போட்டா அருமையான விஷயம், செடி கொடி, பழைய கட்டடம், மிஷின் மாதிரி படத்த அப்படி விட்டா பாடப்புத்தகம் எழுதறவன்ல இருந்து விக்கிபீடியா வரைக்கும் பயன்படும். மொத்தமா அப்லோட் பண்றதுக்கு முன்னாடி டிஃபால்ட் லைசென்ஸ் என்னன்னு மட்டும் பாத்துக்கோ.

கேள்வி: ஏஐ ட்ரெயினிங்குக்கு என் படத்த எடுத்துப்பாங்களா?

பதில்: பப்ளிக்கா இருந்தா எடுத்திருக்க வாய்ப்பு உண்டு. யாஹூவே 2014-ல ஃப்ளிக்கர்ல இருந்த க்ரியேட்டிவ் காமன்ஸ் படம், வீடியோ 10 கோடிய ஆராய்ச்சிக்குன்னு ஒரே தொகுப்பா குடுத்துச்சு, அதுல இருந்து ஏறக்குறைய 10 லட்சம் முகப்படத்த ஐபிஎம் எடுத்து முகம் அடையாளம் காணற ஆராய்ச்சிக்கு பயன்படுத்தினது 2019-ல வெளிய வந்தப்ப படம் எடுத்தவங்களுக்கே அப்போதான் தெரியும். 2022-ல ஏஐ ட்ரெயினிங்குக்குன்னு வந்த லையான்-5பி தொகுப்புல 500 கோடிக்கு மேல படத்தோட லிங்க் இருக்கு, அது நெட் முழுக்க இருந்து சேத்தது. மெட்டா பப்ளிக் போஸ்ட்டெல்லாம் தன்னோட ஏஐக்கு எடுத்துக்கறதா வெளிப்படையாவே சொல்லுது. சொந்த வெப்சைட் வச்சா தப்பிச்சோம்னு நினைக்காதீங்க, அதையும்தான் சுரண்டறாங்க. இத முழுசா தடுக்கணும்னா யாருக்கும் காட்டாம வச்சுக்கணும், அது உங்க இஷ்டம்.

கேள்வி: எவ்வளவு சைஸ்ல போடறது? முழு ரெசல்யூஷன்ல போட்டாதான் குவாலிட்டி தெரியும்னு ஃப்ரெண்டு சொல்றான்.

பதில்: அவன் ஸ்க்ரீன் எவ்வளவு பெருசுன்னு கேளுங்க. நீளப்பக்கம் 2048 பிக்சல் போதும், ஸ்க்ரீன்ல நல்லா நிக்கும். அத எவனாவது திருடி 300 பிபிஐல (இஞ்சுக்கு 300 பிக்சல்) பிரிண்ட் போட்டா 7 இஞ்ச் கூட வராது. உங்ககிட்ட இருக்கற 24 மெகாபிக்சல் ஒரிஜினல், 6000க்கு 4000, அதே கணக்குல 20 இஞ்ச் வரும். அந்த வித்தியாசம்தான் உங்க சரக்கு, அத ஏன் ஓசில வெளிய விடறீங்க. இன்ஸ்டாகிராம்லாம் 1080 அகலத்துக்கு அதுவே சுருக்கிடும், நீங்களே சரியா சுருக்கி, ஷார்ப்பன் பண்ணி, எஸ்ஆர்ஜிபிங்கற ஸ்க்ரீனுக்கான நிற முறைல எக்ஸ்போர்ட் பண்ணி போட்டா அது அமுக்கறப்ப ரொம்ப நாசமாகாது. அடோபி ஆர்ஜிபில போட்டுட்டு நிறம் வெளுத்துப்போச்சேன்னு புலம்பறவங்க இன்னமும் இருக்காங்க.

கேள்வி: வாட்டர்மார்க்?

பதில்: ஓரமா சின்னதா பேர் இருக்கட்டும், நடுவுல கோலம் போடாதீங்க. அதவிட முக்கியம் ஃபைலுக்குள்ள ஐபிடிசி தகவல்ல (படத்தோடயே சேந்து போற விவரக் குறிப்பு) உங்க பேர், காப்பிரைட் வரி, ஒரு மெயில் ஐடி எழுதறது, இம்போர்ட் பண்றப்பவே ஒரு ப்ரீசெட் வச்சுட்டா தானா ஏறிடும். சில சைட் அத உருவி எறிஞ்சிடும், இருந்தாலும் எழுதுங்க. ஜிபிஎஸ்ஸ மட்டும் நீங்களே உருவிடுங்க. வீட்ல எடுத்த படம்னா அது வீட்டு விலாசம், பறவைக் கூடுன்னா வேட்டைக்காரனுக்கு மேப்பு.

கேள்வி: ரெண்டு வருஷமா தினமும் போடறேன். ராத்திரி பூரா காத்திருந்து எடுத்த படத்துக்கு லைக்கே வரல, சும்மா மொபைல்ல எடுத்த சூரிய அஸ்தமனத்துக்கு குவியுது. நான் நல்ல போட்டோகிராஃபர் இல்லையோன்னு தோணுது.

பதில்: வந்த கேள்வில இதுக்குத்தான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். திருட்டு, காப்பிரைட்டு, சர்வர் மூடறது எல்லாத்துக்கும் ஏதோ ஒரு வழி இருக்கு. ஃப்ரீ சைட்டால ஒரு சீரியஸ் ஆளுக்கு வர்ற பெரிய நஷ்டம் இதுதான்னு நான் நினைக்கறேன், தெரியாமலே கண்ணு மாறிப்போறது.

ஃபீட்ல உங்க படம் விரல் அகலத்துல ஒரு செகண்ட் தெரியும். அந்த சைஸ்ல எது ஜெயிக்கும்? ஒரே சப்ஜெக்ட், நட்ட நடுவுல, நிறம் தூக்கலா, பின்னாடி மங்கலா. ஃப்ரேமுக்குள்ள நாலு மூலைலயும் நாலு விஷயம் நடக்கற தெரு படம், நிழலுக்குள்ள மெதுவா தெரியற முகம், அகலமான நிலக்காட்சில தூரத்துல ஒரு ஆள், இதெல்லாம் அந்த சைஸ்ல செத்துப்போகும். படம் மோசம்னு அர்த்தமே இல்ல, அது பாக்க வேண்டிய அளவு வேற. நீங்க ராத்திரி காத்திருந்து எடுத்தது இந்த ரகமாத்தான் இருக்கும்னு நினைக்கறேன்.

வடிவத்தையும் சைட்தான் தீர்மானிக்குது பாருங்க. இன்ஸ்டாகிராம் 2010-ல வந்ததுல இருந்து 2015 வரைக்கும் சதுரம் மட்டும்தான், ஒரு கூட்டமே சதுரமா யோசிச்சு எடுத்துச்சு. அப்புறம் உசரமா போட்டா ஸ்க்ரீன்ல அதிக இடம் பிடிக்கும்னு எல்லாரும் 4:5-க்கு போனாங்க, 2025 ஜனவரில ப்ரொஃபைல் க்ரிட்டையே உசர கட்டமா மாத்திட்டாங்க, சதுரத்துக்கு பாத்து பாத்து அடுக்கி வச்சவங்க பக்கம்லாம் தல வெட்டுப்பட்டு நின்னுச்சு. 2016-ல இருந்து வரிசையும் நேரப்படி இல்ல, அல்காரிதம் யாருக்கு எப்ப காட்டணும்னு அதுவே முடிவு பண்ணுது, அப்போ லைக் வரலன்னா படம் பிடிக்கலயா இல்ல கண்லயே படலயான்னு உங்களால சொல்லவே முடியாது. இப்படி ஒரு தராசுல ஏறி நின்னு நான் நல்லவனா கெட்டவனான்னு கேக்கறீங்க.

தினமும் போடணும்ங்கறத முதல்ல விடுங்க. தினமும் ஒண்ணு போடணும்னா தினமும் போடற மாதிரி படம்தான் எடுப்பீங்க, ஆறு மாசம் ஒரே இடத்துக்கு போய் போய் எடுக்கற வேலைய எவன் பண்ணுவான். சின்னதா சின்னதா பிரிண்ட் போட்டு டேபிள் மேல பரப்பி ஒரு வாரம் அப்படியே விட்டு வைங்க. போக வர பாக்கறப்ப எது அலுக்குது, எது அலுக்கலன்னு தானா தெரியும், அலுக்காதத மட்டும் வரிசைப்படுத்துங்க. முகத்துக்கு நேரா "இது தேறாது"ன்னு சொல்ற ரெண்டு பேர் கிடைச்சா விட்றாதீங்க, ஆயிரம் லைக்க விட அவங்க திட்டறது உபயோகம். சைட்ல அந்த மாதிரி ஆளுங்க இல்லன்னு சொல்லமாட்டேன், ஃப்ளிக்கர் க்ரூப்ல எல்லாம் படத்த வரி வரியா அலசற கூட்டம் இருந்துச்சு, தேடினா இன்னமும் அங்கங்க கிடைப்பாங்க. அவங்களுக்காகவாவது கணக்கு வச்சிருக்கலாம்.

சூரிய அஸ்தமனத்த போடாதீங்கன்னும் சொல்லல. ஜாலிக்கு போடுங்க, எண்ணாதீங்க.

கேள்வி: ஏற்கனவே நெட்ல போட்ட படத்த போட்டிக்கு அனுப்பலாமா?

பதில்: அந்த போட்டியோட விதில "வெளிவராத படம்"னு இருந்தா சிக்கல், சிலர் சொந்த பக்கத்துல போட்டத கணக்குல எடுத்துக்க மாட்டாங்க, சிலர் எடுத்துப்பாங்க. கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. ரா ஃபைல் கேப்பாங்க, அழிச்சிருக்க கூடாது. சில போட்டிகளோட விதில, அனுப்பின எல்லா படத்தையும் ஜெயிச்சாலும் தோத்தாலும் நாங்க எதுக்கு வேணா பயன்படுத்துவோம்னு ஒரு வரி கடைசில இருக்கும். ஃப்ரீ சைட் டெர்ம்ஸ பாத்து பயப்படறவங்க இதுக்கு என்ட்ரி ஃபீஸும் கட்டி கையெழுத்து போடறாங்க, அது ஏன்னுதான் எனக்கு புரியல.

கேள்வி: என் படத்த கேக்காம ஒரு கம்பெனி விளம்பரத்துல போட்டிருக்கு. கமெண்ட்ல நாலு வார்த்தை நல்லா கேட்டுடலாமா?

பதில்: கேட்டா அடுத்த நிமிஷம் படத்த எடுத்துட்டு "எந்த படம்?"னு கேப்பான். முதல்ல பக்கம் முழுசா, முகவரியும் தேதியும் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட். அப்புறம் படத்த வச்சு தேடற டின்ஐ, கூகுள் லென்ஸ் ரெண்டுலயும் அந்த படத்த தேடுங்க, ஒரு இடத்துல போட்டவன் நாலு இடத்துல போட்டிருப்பான். ரா ஃபைலும், அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்த ஃப்ரேமும் எடுத்து வைங்க, அதவிட நல்ல சாட்சி இல்ல. கோவம் இல்லாம ஒரு மெயில், கூடவே பில். நிறைய கம்பெனி வம்பு வேணாம்னு கட்டிடும், பாதி நேரம் டிசைன் பண்ண ஏஜென்சி கூகுள்ல எடுத்ததா இருக்கும். படத்த எடுத்தா போதும்னா, அமெரிக்க சைட்டா இருந்தா டிஎம்சிஏ நோட்டீஸ் (காப்பிரைட் மீறின படத்த எடுக்கச் சொல்றது) அனுப்பலாம், 1998 சட்டம், ஃபார்ம் சைட்லயே இருக்கும். கேஸ் போடற அளவு பெரிய விஷயம்னா வக்கீல பாருங்க, என்ன கேக்காதீங்க. அமெரிக்காவுல வழக்குன்னா திருட்டு நடக்கறதுக்கு முன்னாடியோ, இல்ல படம் வெளியான மூணு மாசத்துக்குள்ளயோ அங்க பதிவு பண்ணியிருந்தாதான் சட்டம் வகுத்த பெரிய நஷ்டஈடு கேக்க முடியும்ங்கறத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

கேள்வி: கல்யாண ஆர்டர் எடுக்கறேன். கிளையன்ட் படத்த ஃப்ரீ சைட்ல போர்ட்ஃபோலியோவா போடலாமா?

பதில்: அக்ரிமென்ட்ல ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்கினா போடலாம். வாங்கலன்னா போடாதீங்க. பசங்க படத்துக்கு அப்பா அம்மாகிட்ட தனியா கேளுங்க.

கேள்வி: இவ்வளவு தொல்லைன்னா சொந்த வெப்சைட்டே போதும்னு இருந்துடலாமா? பழைய கணக்கெல்லாம் டெலீட் பண்ணிடவா?

பதில்: சொந்த டொமைன் ஒண்ணு உங்க பேர்ல கண்டிப்பா வாங்குங்க, விசிட்டிங் கார்டுல அத போடுங்க, சைட் பேர போடாதீங்க. 500பிஎக்ஸ்ங்கற போட்டோ சைட்ல படம் வித்தவங்க கதைய பாருங்க, 2018-ல அத சீனாவோட விஷுவல் சைனா க்ரூப் வாங்குச்சு, ஜூன் கடைசில அதோட மார்க்கெட்ப்ளேஸ மூடி, விக்கற வேலைய விஷுவல் சைனாவுக்கும் கெட்டிக்கும் மாத்தி விட்டாங்க, க்ரியேட்டிவ் காமன்ஸ் வசதியையும் அப்படியே எடுத்துட்டாங்க. வாடிக்கைக்காரங்க உங்க டொமைனுக்கு வந்து பழகியிருந்தா அடில இருக்கற சர்வீஸ் எது மாறினாலும் அவங்களுக்கு தெரியவே தெரியாது. ஆனா சொந்த சைட்டுக்கு தானா ஆள் வராது, ஆள் இருக்கறது அந்த ஃப்ரீ சைட்லதான், அதனால ரெண்டும் வேணும். தேறின இருபது முப்பது படத்த அங்க வச்சு, கூட உங்க சைட் லிங்க்க குடுங்க.

டெலீட் பண்றதா இருந்தா அவசரப்படாதீங்க. முதல்ல முழு டேட்டாவையும் கேட்டு வாங்குங்க, படத்தோட கேப்ஷன், ஆல்பம், கமெண்ட் எல்லாம் தனி ஃபைலா வரும், அந்த டவுன்லோட் லிங்க் கொஞ்ச நாள்ல காலாவதியாயிடும்ங்கறதால வந்த அன்னைக்கே இறக்கி, ஜிப்ப பிரிச்சு, நாலஞ்சு படத்த தொறந்து பாத்து, எண்ணிக்கை சரியா இருக்கான்னு ஒப்பிட்டு, அப்புறமா அந்த பட்டன அமுக்குங்க. அடுத்த இதழ்ல லென்ஸ் கேள்வி, தள்ளி வச்சது நிறைய கிடக்கு.